எதிர்க்கடைக்காரர் வாங்கிய கடை

2005 ஏப்ரல். காந்திபுரத்தில் ஒரு டிடிபி சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த மாசம், கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்கு மேல் கிடந்தது. மேக்ரோமீடியா நிறுவனத்தை அடோபி 340 கோடி டாலருக்கு வாங்கப்போகிறது என்று செய்தி வந்தது. கடைக்கார அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. பூ பார்டர், கோயில் கோபுரம் எல்லாம் அவர் வரைவது மேக்ரோமீடியாவின் ஃப்ரீஹேண்டில். அதன் நேர்ப் போட்டி அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர்.

"எதிர்க்கடைக்காரன் நம்ம கடைய வாங்கிப்போட்டா ரெண்டையுமா நடத்துவான் கண்ணு? ஒண்ணுக்குப் பூட்டுத்தான்."

அந்தப் பயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஃப்ரீஹேண்டை உருவாக்கியது ஆல்ட்சிஸ். விற்றது பேஜ்மேக்கரைத் தந்த ஆல்டஸ். 1994இல் ஆல்டஸ் அடோபியோடு இணைந்தபோது, இரண்டு வரைகலை மென்பொருளும் ஒரே கைக்குப் போகக்கூடாது என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் குறுக்கே நின்றது. ஃப்ரீஹேண்ட் ஆல்ட்சிஸுக்கே திரும்பியது. பிறகு ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது. பதினோரு வருசம் சுற்றிவிட்டு 2005 டிசம்பரில் ஃப்ரீஹேண்ட் அடோபியிடமே போய்ச் சேர்ந்தது. 2007இல், இனி புதிய பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். 2011இல் பயனாளர்கள் திரண்டு வழக்குப் போட்டார்கள். சமரசத்தில் முடிந்தது, ஃப்ரீஹேண்ட் திரும்பி வரவில்லை.

பேஜ்மேக்கருக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். 1999இல் அடோபியின் இன்டிசைன் வந்தது. 2001இல் வந்த 7.0 தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. ஆனாலும் நம்மூர் அச்சகங்கள் அதைப் பல வருசம் விடவில்லை. காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. நாங்கள் அடித்த தமிழெல்லாம் யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டுகளில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஃபாண்டை மாற்றினால் மாப்பிள்ளை பெயரே வேறெதுவோ ஆகிவிடும். மென்பொருளை விட்டு வெளியேறுவதென்றால் எழுத்தையும் மாற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

2022இல் ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்க அடோபி முன்வந்தபோது, என்னோடு வேலை பார்க்கும் இளையவர்கள் பதறினார்கள். பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. எல்லாரும் நிம்மதியானார்கள். எனக்கு 1994 ஞாபகம் வந்தது. அப்போதும் இப்படித்தான் நிம்மதியாகியிருப்பார்கள்.

அண்ணன் ஒவ்வொரு வேலைக்கும் பட்டர் பேப்பரில் இன்னொரு பிரதி எடுத்து பீரோவில் வைப்பார். அந்தக் காலத்து ஃபைல்களில் பலவற்றை இன்று திறக்க முடியாது. கோடு கொஞ்சம் மங்கியிருந்தாலும், அந்தக் கோபுரங்களை இப்போதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.