நிரந்தர ஆசிரியர் பணிநீக்கம் (அமெரிக்கப் பொதுப்பள்ளிகள்)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப்பள்ளிகளில் தகுதிகாண் பருவம் முடித்து நிரந்தரப் பணியுரிமை பெற்ற ஆசிரியரைச் சட்டம் குறிப்பிடும் காரணத்துக்காக மட்டும், விசாரணைக்குப் பின் வேலையிலிருந்து விலக்குவது. கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்பதால் நாடு முழுமைக்குமான ஒரே சட்டம் இல்லை. ஆயினும் திறமையின்மை, கீழ்ப்படியாமை, ஒழுக்கக்கேடு, கடமை தவறுதல், கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெறுதல் ஆகியவை பெரும்பாலான மாநிலங்களில் காணப்படும் காரணங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசிரியர் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டது. நகராட்சித் தேர்தலில் கட்சி மாறினால் ஆசிரியரும் மாறினார். பரிந்துரைக்கு ஆளில்லாதவர் எவ்வளவு நன்றாகக் கற்பித்தும் பயனில்லை. 1883-இல் கூட்டரசு ஊழியர்களுக்காக வந்த பெண்டில்டன் சட்டம், தகுதியே வேலைக்கு அடிப்படை என்ற கருத்தைப் பரப்பியது. 1886-இல் மாசசூசெட்ஸ், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்காமலே ஆசிரியரைத் தொடர வைக்கப் பள்ளிக் குழுக்களுக்கு இடமளித்தது. மாநிலம் முழுமைக்குமான முதல் விரிவான சட்டம் 1909-இல் நியூ ஜெர்சியில் வந்தது. மூன்றாண்டு பணியாற்றியவரைத் திறனின்மை, இயலாமை, ஆசிரியருக்குத் தகாத நடத்தை அல்லது வேறு நியாயமான காரணம் இருந்தாலன்றி நீக்கலாகாது என்றது அது. பிந்திய சட்டங்கள் பலவற்றுக்கும் இதுவே அச்சு.

சிகாகோவின் கதை இன்னும் காரசாரமானது. மார்கரெட் ஹேலி வழிநடத்திய ஆசிரியர் கூட்டமைப்பில் எவரும் உறுப்பினராக இருக்கக் கூடாதென 1915-இல் கல்வி வாரியம் விதி செய்தது. அதை முன்னின்று கொண்டுவந்த ஜேக்கப் லோப் பெயரால் அது லோப் விதி எனப்பட்டது. மறு ஆண்டு 68 ஆசிரியர்களுக்கு வேலை புதுப்பிக்கப்படவில்லை. அந்தக் கொந்தளிப்பின் விளைவாக 1917-இல் ஓட்டிஸ் சட்டம் பிறந்து, மூன்றாண்டு தகுதிகாண் பருவத்துக்குப் பின் பணிப் பாதுகாப்பு அளித்தது.

காரணங்களை நிர்வாகங்கள் எப்படி வளைத்தன என்பதற்கு நியூயார்க்கின் பிரிஜெட் பெய்சோட்டோ வழக்கு சான்று. 1913-இல் பிள்ளைப்பேற்றுக்காகப் பணிக்கு வராதிருந்த அவரைக் கடமை தவறினார் என்று குற்றஞ்சாட்டி நீக்கினார்கள். மாநிலக் கல்வி ஆணையர் 1915-இல் அவரை மீண்டும் பணியில் அமர்த்த உத்தரவிட்டார்.

ஒழுக்கக்கேடு என்பதற்கு எல்லை வகுத்தது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம். மாரிசன் வழக்கில் (1969) ஆசிரியரின் தனிப்பட்ட நடத்தை அவர் கற்பிக்கும் தகுதியைக் கெடுத்தது என்று காட்டினாலன்றி அதைக் காரணமாக்க முடியாதென அது கூறியது. அது சான்றிதழ் ரத்து பற்றிய வழக்கு என்றாலும் பணிநீக்க விசாரணைகளிலும் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. திறமையின்மையைக் காரணமாக்கப் பல மாநிலங்களில் நிர்வாகம் முதலில் குறையைச் சுட்டித் திருந்த அவகாசம் தர வேண்டும். கலிபோர்னியாவில் இது 90 நாள்.

கூட்டரசு உச்ச நீதிமன்றம் இரு வேலிகள் போட்டது. பள்ளி நிதி கையாளப்பட்ட விதத்தைக் குறைகூறி நாளிதழுக்குக் கடிதம் எழுதியதற்காக ஆசிரியரை நீக்கியது செல்லாது என்றது பிக்கரிங் வழக்கு (1968). நிரந்தரப் பணி ஒருவகைச் சொத்துரிமை; எனவே நீக்குமுன் குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்றது லவுடர்மில் வழக்கு (1985). வழக்குத் தொடுத்தவர் ஆசிரியர் அல்லர், பள்ளிக் காவலாளி.

பணியுரிமை மோசமான ஆசிரியரைக் காக்கிறது என்ற புகார் பழையது. உண்மையில் அது காப்பது விசாரணையை மட்டுமே. புளோரிடா 2011-இல் புதிய ஆசிரியர்களை ஆண்டு ஒப்பந்தத்துக்கு மாற்றியது. கலிபோர்னியாவின் பணியுரிமைச் சட்டங்களை 2014-இல் கீழ்நீதிமன்றம் ரத்து செய்தது (வெர்காரா வழக்கு); 2016-இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளுபடியாகி, சட்டங்கள் நிலைத்தன.