அட்லாண்டிக் கரையின் மகளிர் கோப்பை

2020 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பரோ அரங்கில், நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணி ஃபுளோரிடா ஸ்டேட்டை 71-66 என்று வென்று, 29 ஆண்டுகளுக்குப் பிறகு அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. நான்கே நாளில், 12ஆம் தேதி, அதே அரங்கில் நடந்துகொண்டிருந்த ஆடவர் போட்டி கொரோனாவால் பாதியில் நின்றது. அன்றே ஆடவர், மகளிர் தேசியப் போட்டிகள் இரண்டும் ரத்தாயின. அந்த ஆண்டு இந்தக் கான்பரன்ஸின் கூடைப்பந்துத் தொடர்களில் இறுதி ஆட்டம் வரை ஆடி முடிக்கப்பட்டது மகளிர் தொடர் மட்டுமே. ஆடவர் போட்டிக்கு 24 ஆண்டுகள் பிந்திப் பிறந்து, நெடுங்காலம் அதன் நிழலிலேயே நின்ற ஒரு போட்டிக்கு வரலாறு இப்படி ஒரு முறை முன்வரிசை கொடுத்தது.

கான்பரன்ஸ் என்பது அண்டை மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் விளையாட்டுச் சங்கம். உறுப்பு அணிகள் குளிர்காலம் முழுதும் தமக்குள் லீக் ஆடும். மார்ச் தொடக்கத்தில் ஓரிடத்தில் கூடி, தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் தொடர் ஆடும். அதில் வெல்லும் அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். லீக்கில் முதலிடம் பெற்ற அணி இருக்க, நான்கைந்து நாள் ஆட்டத்தை வைத்துச் சங்கத்தின் சாம்பியனை முடிவு செய்வது நியாயமா என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே உண்டு.

இந்த வழக்கத்துக்கு மிகுந்த பெருமை சேர்த்தது அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ்தான். சுருக்கமாக ஏசிசி. 1953இல் கிரீன்ஸ்பரோ அருகே ஒரு விடுதியில் ஏழு கல்லூரிகள் கூடித் தொடங்கிய சங்கம் அது. 1954இல் ஆடவர் போட்டி ஆரம்பமானது. 1974 வரை இந்தத் தொடரை வென்ற ஒரே அணிதான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். அந்த ஆண்டு இறுதியில் நார்த் கரோலினா ஸ்டேட் கூடுதல் நேரத்தில் மேரிலாந்தை 103-100 என்று வென்றது. நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்றான மேரிலாந்து வீட்டுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே ஒரு சங்கத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் தேசியப் போட்டிக்குப் போகலாம் என்று விதி மாறியது.

அப்போது மகளிர் நிலை என்ன? 1971இல் பெண் உடற்கல்வி ஆசிரியர்கள் சேர்ந்து ஏஐஏடபிள்யூ என்ற தனிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆடவர் விளையாட்டின் வணிகப் போக்கு பெண்களைத் தொடக் கூடாது என்று கருதி, விளையாட்டுக்கான உதவித்தொகையையே அவர்கள் முதலில் தடை செய்திருந்தார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் அதன் சுமை விழுந்தது ஆட்டக்காரிகள் தலையில். 1973இல் ஒரு வழக்கின் அழுத்தத்தால் அந்தத் தடை விலகியது. இதற்கிடையே 1972 ஜூனில் டைட்டில் நைன் சட்டம் வந்துவிட்டது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்றது அச்சட்டம். கல்லூரிகள் ஒவ்வொன்றாக மகளிர் அணிக்குப் பணமும் பயிற்றுநரும் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஆடவருக்காக அமைந்த சங்கங்களும் மகளிருக்குக் கதவைத் திறந்தன.

கூடைப்பந்தில் ஏசிசி அப்படித் திறந்த ஆண்டு 1978. முதல் மகளிர் தொடர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஊரான சார்லட்ஸ்வில்லில் நடந்தது. நார்த் கரோலினா ஸ்டேட்டை இறுதியில் வென்று மேரிலாந்து கோப்பை பெற்றது. அந்த அணிக்கு இது திடீர் வெற்றியன்று. 1975 ஜனவரியில் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் மகளிர் கல்லூரி ஆட்டத்தில் இம்மாக்குலாட்டா கல்லூரியிடம் தோற்றது இதே மேரிலாந்துதான். 1978இல் சங்கக் கோப்பையோடு நில்லாமல் தேசிய இறுதிவரை சென்று, யுசிஎல்ஏவிடம் 90-74 என்று தோற்றது. பயிற்றுநர் கிறிஸ் வெல்லர். 1978 முதல் 1989 வரையிலான 12 தொடர்களில் 8 அவர் அணிக்கே.

எஞ்சிய நான்கில் மூன்றை வென்றவர் கே யோ. 1975இல் நார்த் கரோலினா ஸ்டேட்டில் பொறுப்பேற்றவர் அவர். இவ்விருவரின் மோதலே இத்தொடரின் முதல் பத்தாண்டு வரலாறு என்று சொல்லிவிடலாம். அதற்குள் தேசிய அமைப்பும் மாறிவிட்டது. ஆடவர் தேசியப் போட்டிகளை நடத்திவந்த என்சிஏஏ என்ற சங்கம் 1982இல் தன் முதல் மகளிர் தேசியப் போட்டியை நடத்தியது; அதோடு ஏஐஏடபிள்யூ தளர்ந்து மறைந்தது. பெண்களே நடத்திய ஒரு சங்கம் மறைந்து, ஆண்கள் நடத்திய சங்கம் மகளிர் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது என்பதை வளர்ச்சி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. பணமும் அரங்கமும் வந்தன. முடிவெடுக்கும் நாற்காலி கைமாறிப் போனது.

அரங்கம் வந்தது என்றாலும் நிலையாக வந்துவிடவில்லை. ஃபேயட்வில், ராக் ஹில், சார்லட் என்று மகளிர் தொடர் ஊர் ஊராகச் சுற்றியது. தொண்ணூறுகளில் ஆட்டத்தின் தரம் அரங்கத்தை முந்திக்கொண்டு ஓடியது. டெபி ரயன் பயிற்சியில் வர்ஜீனியா 1990, 1992, 1993இல் வென்றது. முதல் இரண்டு வெற்றிகளிலும் அந்த அணியை நடத்திய பாயிண்ட் கார்டு, பின்னாளில் தென் கரோலினாவின் பயிற்றுநராகப் புகழ்பெற்ற டான் ஸ்டேலி. 1994இல் சில்வியா ஹாட்செல் பயிற்சியில் நார்த் கரோலினா பல்கலைக்கழகம் (ஸ்டேட் அன்று, வேறொன்று) சங்கக் கோப்பையை வென்ற கையோடு தேசியப் பட்டத்தையும் வென்றது. தேசிய இறுதியில் 0.7 வினாடி மீதமிருக்க, சார்லட் ஸ்மித் மூன்று புள்ளி வீச்சைக் கூடைக்குள் இறக்கினார். கிளெம்சன் 1996, 1999 ஆண்டுகளில் வென்றது.

2000இல் தொடர் கிரீன்ஸ்பரோவுக்கு வந்து சேர்ந்தது. 1974இன் அந்தப் புகழ்பெற்ற ஆடவர் இறுதி நடந்த அரங்கம். 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். மகளிருக்கு இவ்வளவு பெரிய அரங்கமா என்று கேட்டவர்களுக்கு அடுத்த பதினாறு ஆண்டுகளும் தொடர் அங்கேயே நடந்ததுதான் விடை. ஆடவர் போட்டி நகரம் மாறிக்கொண்டிருந்தது. மகளிர் போட்டிக்கு நிலையான முகவரி கிடைத்தது.

டியூக் 2000 முதல் 2004 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றது. நார்த் கரோலினா 2005 முதல் 2008 வரை நான்கு முறை. 2006 இறுதியில் நார்த் கரோலினாவிடம் தோற்ற மேரிலாந்து, ஒரு மாதம் கழித்து டியூக்கைக் கூடுதல் நேரத்தில் வென்று தேசியச் சாம்பியன் ஆனது. அந்த ஆண்டு தேசிய அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் மூன்று ஏசிசி அணிகள். ஐந்து முறை சங்கக் கோப்பையைத் தொடர்ந்து வென்ற டியூக் மகளிர் தேசியப் பட்டத்தை ஒருமுறையும் தொட்டதில்லை. சங்கத் தொடர் நாட்டின் சிறந்த அணியைக் கண்டுபிடிக்கும் கருவி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2007ஆம் ஆண்டுத் தொடரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கே யோவுக்கு 1987இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சை முடிந்து 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியைத் தங்கத்துக்கு நடத்திச் சென்றார். நோய் திரும்பியதால் 2006 நவம்பரில் விடுப்பில் போனவர், 2007 ஜனவரியில் பணிக்கு வந்தார். சுமாராக ஆடிக்கொண்டிருந்த அணி அதன் பிறகு எழுந்தது. அந்த ஆண்டு லீக் முழுவதும் தோல்வியே காணாத டியூக்கைக் கிரீன்ஸ்பரோ அரையிறுதியில் வீழ்த்தியது. இறுதியில் நார்த் கரோலினாவிடம் தோற்றது. கோப்பை பெற்ற அணியைவிட, இறுதியில் தோற்ற அணியே அதிகம் நினைவுகூரப்படும் தொடர் அது. அவ்வாண்டே அவர் பெயரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான நிதியம் தொடங்கியது. 2009 ஜனவரி 24 அன்று அவர் மறைந்தார். அவர் பயிற்சியில் வந்த வெற்றிகள் மொத்தம் 737.

2016இல் வட கரோலினா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அரசுக் கட்டடங்களின் கழிப்பறைகளைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படியே பயன்படுத்த வேண்டும் என்றது அது. திருநர்க்கு எதிரான சட்டம் என்று கண்டித்து, ஏசிசி தன் பொதுத் தொடர்களை மாநிலத்தை விட்டு வெளியே மாற்றியது. 2017ஆம் ஆண்டு ஆடவர் கூடைப்பந்துத் தொடர் முன்பே நியூயார்க்கின் புரூக்ளினுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் அதற்கு இழப்பில்லை. மகளிர் தொடர் தென் கரோலினாவின் கான்வே என்ற சிற்றூருக்கு, நான்காயிரம் பேருக்கும் இடமில்லாத அரங்கத்துக்குப் போயிற்று. சங்கத்தின் நிலைப்பாடு சரியானது என்பதே என் கருத்து. ஆனால் கொள்கைக்கான விலையைக் கூடைப்பந்தில் மகளிரே கொடுத்தார்கள் என்பதையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும். 2017 மார்ச் இறுதியில் சட்டம் விலக்கப்பட, 2018இல் தொடர் கிரீன்ஸ்பரோவுக்குத் திரும்பியது.

2014இல் தொடங்கி நோட்ரு டேம் நான்கு முறை தொடர்ந்து வென்றது. வெஸ் மூர் பயிற்சியில் நார்த் கரோலினா ஸ்டேட் 2020இலிருந்து மூன்று முறை வென்றது. 2023இல் வர்ஜீனியா டெக் முதன்முறையாகப் பட்டம் பெற்றது. 2025இல் காரா லாசன் பயிற்சியில் டியூக், 2013க்குப் பின் மீண்டும் கோப்பை ஏந்தியது.

2024இல் ஸ்டான்ஃபர்டும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சங்கத்தில் சேர்ந்தன. அவை அட்லாண்டிக் கரையில் இல்லை; பசிபிக் கரையில் உள்ளன. தொலைக்காட்சிப் பணம் பூகோளத்தை மாற்றி எழுதுகிறது. 1896 ஏப்ரல் 4 அன்று, பெண்கள் மட்டுமே பார்வையாளராக இருக்க, இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முதல் மகளிர் கூடைப்பந்து ஆட்டத்தை ஆடியவை இவ்விரண்டுமே. ஸ்டான்ஃபர்ட் 2-1 என்று வென்ற ஆட்டம் அது. இன்று ஏசிசி மகளிர் அணிகள் 18. தொடரில் ஆடும் தகுதி 15 அணிகளுக்கு மட்டும்.

2025 வரையான கணக்கில் அதிகப் பட்டங்கள் பெற்ற அணி மேரிலாந்து: மொத்தம் 10. டியூக்கும் நார்த் கரோலினாவும் ஒன்பது ஒன்பதாகப் பின்னால் நிற்கின்றன. மேரிலாந்து 2014இலேயே ஏசிசியை விட்டு விலகி பிக் டென் சங்கத்தில் சேர்ந்துவிட்டது.