கோட்டுக்குள் ஒரு வீடு

'உயில்' என்ற சொல் உயிரோடு உறவு கொண்டாடுவதுபோல் ஒலிக்கிறது. ஆனால் அது ஆங்கில 'வில்'லின் திரிபு. தர்மசாஸ்திரங்களில் பாகப்பிரிவினை உண்டு, தானம் உண்டு. செத்த பிறகும் ஒருவன் தன் இஷ்டத்தைச் செலுத்துவதற்கு அங்கு சொல் இல்லை. கூட்டுக்குடும்பத்திலிருந்து தனி மனிதன் பிரிந்து வந்ததைப்பற்றி நம் நாவல்களை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிரிவு முதலில் முத்திரைத்தாளில் நடந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சென்னை மாகாணத்தின் 1829 ரெகுலேஷன், இந்துவின் உயில் சாஸ்திரத்துக்கு ஒத்துப்போகிற அளவுக்கே செல்லும் என்றது. 1856இல் பிரிவி கவுன்சில் ஒரு சென்னை வழக்கில் உயிலை ஏற்றுக்கொண்டது. 1870இல் இந்து உயில்கள் சட்டம் வந்தது. ஆனால் நாடு முழுவதற்கும் அல்ல. வங்காள லெப்டினன்ட் கவர்னரின் பிரதேசங்களுக்கும், சென்னை, பம்பாய் ஹைகோர்ட்டுகளின் அசல் அதிகார எல்லைக்கும் மட்டும். வெள்ளைக்காரனின் வியாபாரம் நடந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு.

1925இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கோட்டை அப்படியே வாங்கிக்கொண்டது. அதன் 213ஆம் பிரிவுப்படி, புரொபேட் இல்லாத உயிலை வைத்து எந்தக் கோர்ட்டிலும் உரிமையை நிலைநாட்ட முடியாது. திருச்சிக்காரர் திருச்சி வீட்டைப்பற்றித் திருச்சியில் எழுதினால் தொல்லை இல்லை. வீடு மயிலாப்பூரில் இருந்தால் புரொபேட் வேண்டும். மயிலாப்பூரில் உட்கார்ந்து திருச்சி வீட்டைப்பற்றி எழுதினாலும் வேண்டும். முஸ்லிம்களுக்குப் பிரிவு பொருந்தவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்குக் கிடைத்தது.

பெரியப்பா போய்விட்டார், வீட்டை விற்கவேண்டும். சட்டப்படி, நிறைவேற்றுபவர் கைக்குச் சொத்து சாவின் கணத்திலேயே வந்துவிடுகிறது. வாங்குகிறவரின் வக்கீலோ புரொபேட்டைக் காட்டு என்பார். மனுப் போடவேண்டும், சாட்சிக் கையெழுத்திட்ட இருவரில் ஒருவராவது பிரமாணம் செய்யவேண்டும், அவர் உயிரோடிருந்தால். தம்பி ஒரு கேவியட் போட்டால் ஓ.பி. என்பது டி.ஓ.எஸ். ஆகிவிடும். எழுத்துதான் மாறுகிறது, ஆனால் வருஷங்கள் ஓடும், ஓடு சரியும், வாடகைக்காரர் வாடகையை நிறுத்துவார். இத்தனைக்கும் வீடு பெரியப்பாவுடையதுதானா என்று கோர்ட் கேட்பதில்லை. எழுதியபோது புத்தி தெளிவாக இருந்தாரா, இது அவருடைய கடைசிப் பிரதிதானா என்றே கேட்கிறது. (நம் பிரதிகளைப்பற்றி விமரிசகர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகள்.)

2025 டிசம்பரில் பாராளுமன்றம் 213ஆம் பிரிவை நீக்கியது. கட்டாயம் போயிற்று; விரும்புகிறவர் புரொபேட் கேட்கலாம். நூற்றைம்பது வருஷத்துக் கோடு, பழைய சட்டங்களைத் துடைக்கும் ஒரு மசோதாவில் சத்தமில்லாமல் அழிந்தது. அழியவேண்டியதுதான்.

ஆனால் புரொபேட் ஆன உயிலின் அசல் கோர்ட்டிலேயே தங்கிவிடும்; குடும்பத்துக்கு நகல்தான். எந்த மகளுக்கு எந்த நகை, யாருக்கு ஒன்றுமில்லை, ஏன் இல்லை என்று இந்நகரத்துக் குடும்பங்கள் எழுதியவை அங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. நம் சரித்திரக்காரர்கள் இன்னும் கோயில் சுவர்களைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.