தூக்குச் சங்கிலியும் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

துறைமுகத்திலும் ஆலையிலும் பாரந்தூக்கியின் கொளுக்கியிலே தொங்கும் சங்கிலியை நம்பியே தொழிலாளர் அதன் அருகில் நின்று வேலை செய்கின்றனர். நூறு கண்ணிகள் செம்மையாக இருந்தும் பயனில்லை. ஒன்று அறுந்தால் சுமை முழுவதும் வீழும். ஆகவே தூக்குச் சங்கிலியின் வரலாறு உலோகத்தின் வரலாறு மட்டுமன்று. குறையுள்ள அந்த ஒரு கண்ணியை முன்கூட்டியே கண்டறிய மனிதர் மேற்கொண்ட முயற்சியின் வரலாறுமாகும்.

19ஆம் நூற்றாண்டிலே சங்கிலிகள் தேனிரும்பினாற் செய்யப்பட்டன. கொல்லன் ஒவ்வொரு கண்ணியையும் உலையிற் காய்ச்சி, வளைத்து, அதன் முனைகளை அடித்து ஒட்டினான். ஒட்டு உள்ளே நன்கு பொருந்தியதா என்பதை வெளிப் பார்வையால் அறிதல் அரிது. 1808இல் கப்பற் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி சாமுவேல் பிறவுண், பின்னர் சங்கிலியை இழுத்துச் சோதிக்கும் பொறியையும் அமைத்தார். கைத்திறன் மீது வைத்த நம்பிக்கையின் இடத்தை அளவிடப்பட்ட இழுவிசை பெறலாயிற்று. 1864இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், உரிமம் பெற்ற சோதனைச்சாலையிற் சோதித்து முத்திரையிடப்படாத நங்கூரச் சங்கிலியை விற்பதைத் தடைசெய்தது.

ஆயின், புதிய சங்கிலியை ஒருமுறை சோதித்தல் போதுமா? இவ்வினாவுக்கு ஜேர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் முன்னரே விடை தேடப்பட்டது. அங்கு கிளவுஸ்தால் என்னுமிடத்திற் சுரங்க அதிகாரியாக விளங்கிய வில்கெல்ம் அல்பேட், 1829ஆம் ஆண்டளவில் இரும்புச் சங்கிலிகளின் மீது சுமையை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் பொறியொன்றை அமைத்து ஆராய்ந்தார். ஒருமுறை தாங்கிய சுமையே பன்முறை திரும்பும்போது உலோகத்தைக் களைப்புறச் செய்யும் என்ற அறிவு இத்தகைய ஆய்வுகளிலிருந்தே வளர்ந்தது. 1834இல் அவர் சங்கிலிக்குப் பதிலாகக் கம்பி வடத்தைச் சுரங்கத்திற் பயன்படுத்தினார்.

தொடக்கச் சோதனையோடு தொடர்ந்த பரிசோதனையும் வேண்டும் என்ற கருத்து, பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் தெளிவான வடிவம் பெற்றது. தூக்குச் சங்கிலிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதி வாய்ந்த ஒருவராற் பரிசோதிக்கப்பட வேண்டும். பதினான்கு மாதத்துக்கு ஒருமுறையேனும் காய்ச்சி மெல்ல ஆறவிடப்பட வேண்டும். அரை அங்குலத்துக்கு மேற்படாத சங்கிலிகளுக்கு இக்காலம் ஆறு மாதம். பயன்பாட்டினாற் கடினமாகி நொறுங்கும் நிலையடைந்த தேனிரும்பு இதனாற் பழைய நெகிழ்வைப் பெற்றது. இச்சட்டத்தை அடியொற்றி இலங்கையில் இயற்றப்பட்ட 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமும் சங்கிலி, கயிறு முதலிய தூக்கு சாதனங்களுக்கு விதிகளை வகுத்தது.

இக்காலத்திலேயே கலப்புருக்குச் சங்கிலி தோன்றியது. 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் அது உற்பத்தியாகத் தொடங்கியது. இவ்வுருக்கு தன் வலிமையைக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்து, மீண்டும் அளவாகச் சூடேற்றும் பதப்படுத்தலினாற் பெறுகின்றது. தேனிரும்பைக் காத்த முறையை இதற்குக் கையாண்டால் அந்த வலிமை அழிந்துவிடும். வெப்பத்தாற் கேடுறக்கூடிய சங்கிலிகளுக்கு விலக்களிக்கும் ஏற்பாடு 1937ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தமை குறிப்பிடத்தக்கது. ஒரு காலத்தில் உயிர்காத்த விதி, பொருள் மாறியபின் உயிருக்கு ஊறாகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

80ஆம் தரக் கலப்புருக்குச் சங்கிலி, சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூற்றன் என்ற தகைப்பு வரை தாங்கவல்லது. அதன் முறிவிசையில் நாலிலொரு பங்கே வேலைச்சுமையாக அனுமதிக்கப்படுகிறது. வலிமை மிகுந்தமையால் மெல்லிய சங்கிலியே பெருஞ்சுமையைத் தூக்குகின்றது. ஆனால் மெல்லிய கண்ணியில் ஏற்படும் சிறு வெட்டும் அதன் தடிப்பிற் பெரும் பங்கைக் கவர்ந்துவிடும். எனவே புதிய உலோகம் பரிசோதனையின் தேவையைக் குறைக்கவில்லை. கண்ணி நீண்டுள்ளதா, வளைந்துள்ளதா, வெடித்துள்ளதா, தேய்ந்துள்ளதா என ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். சராசரி விட்டம் உரிய அளவின் 90 சதவீதத்துக்குக் கீழிறங்கினால் அச்சங்கிலி விலக்கத்தக்கது. அமிலமும் 400 பாகை சதமத்துக்கு மேற்பட்ட வெப்பமும் அதற்குப் பகையாவன.

சங்கிலி பழுதற்றதாயினும் தூக்கும் முறை பிழைக்கலாம். 10 தொன் சுமையை இரு கால்கள் செங்குத்தாகத் தாங்கினால் ஒவ்வொன்றிலும் 5 தொன் விசை செல்லும். கால்கள் கிடையோடு 30 பாகைக் கோணம் அமையுமாறு விரிந்தால் ஒவ்வொரு காலிலும் 10 தொன் விசை செல்லும். சுமை மாறவில்லை, சங்கிலியின் பாரமோ இருமடங்காகின்றது.

ஆகவே சங்கிலியிற் பொறித்த தரம், பரிசோதனைப் பதிவேடு, பரிசோதகரின் கண் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆயினும் பழுதுற்ற சங்கிலியைக் கண்டவருக்கு வேலையை நிறுத்தி அதனை விலக்கும் அதிகாரம் இல்லையெனில், இவை யாவும் வெறுஞ் சடங்காகும். அவ்வதிகாரத்தை வழங்குவது உலோகவியலன்று. சுமையின் கீழ் நிற்கும் உயிரை மதிக்கும் சமுதாயமே.