தலைப்பில் காணாமல் போன ஒரு சொல்

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு திரைக்கதைப் பட்டறைக்குப் போயிருந்தேன். பயிற்சியாளர் பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டு, கடிகாரம் மாதிரி அதைச் சுற்றி 12 புள்ளிகள் வைத்தார். சாதாரண உலகம், அழைப்பு, மறுப்பு, குரு என்று ஆரம்பித்து அமுதத்தோடு வீடு திரும்புவதில் போய் முடிந்தது. "உங்க கதையை இதுல பொருத்திப் பாருங்க. பொருந்தலைன்னா கதையில ஏதோ பிரச்சனைன்னு அர்த்தம்" என்றார்.

என் கதையில் ஒரு அத்தை இருந்தாள். ஓடிப்போன மகன் வருவான் என்று வாசற்படியில் உட்கார்ந்திருப்பவள். கடைசிவரை எங்கேயும் போகமாட்டாள். அன்று ராத்திரியே அவளை பஸ் ஏற்றி மகனைத் தேட அனுப்பிவிட்டேன். 12 புள்ளியும் பொருந்தியது. கதை செத்துப்போனது.

அந்த வட்டம் எங்கிருந்துதான் வந்தது என்று தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அதன் வேர் கதை எழுதுபவர்களிடம் இல்லை. 1909இல் ஆர்னால்ட் வான் ஜெனெப் என்கிற இனவரைவியலாளர் சடங்குகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பூப்பு, திருமணம், மரணம் என எந்தச் சடங்கானாலும் அதில் மூன்று கட்டம் இருக்கிறது என்றார்: பழைய நிலையிலிருந்து பிரிவது, இரண்டுக்கும் நடுவே நிற்பது, புதிய ஆளாகச் சேர்வது. அதே வருடம் ஃப்ராய்டின் சீடர் ஒட்டோ ராங்க், நாயகர்களின் பிறப்புக் கதைகளை உளப்பகுப்பாய்வு வழியே ஒப்பிட்டு எழுதினார். 1936இல் ராக்லன் பிரபு இன்னும் ஒருபடி மேலே போய், நாயகன் ஒருவனுக்கு இருக்கவேண்டிய 22 அம்சங்களைப் பட்டியல் போட்டு ஈடிபஸுக்கும் தீசியஸுக்கும் மார்க் போட்டார். பிற்பாடு 1965இல் ஃப்ரான்சிஸ் அட்லி என்ற நாட்டாரியல் பேராசிரியர், ஆப்ரகாம் லிங்கனை அந்த 22 அம்சங்களிலும் அப்படியே பொருத்திக் காட்டினார். கிண்டல்தான். ஆனால் விஷயம் இருக்கிற கிண்டல். கொஞ்சம் வளைத்தால் யாரும் பொருந்துவார்கள்.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ரஷ்யாவின் விளாதிமிர் ப்ராப். அஃபனாசியேவ் தொகுத்த கதைகளிலிருந்து நூறை எடுத்துக்கொண்டு, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செயல்களை வரிசைப்படுத்தினார். மொத்தம் 31. எல்லாக் கதையிலும் எல்லாம் வராது, ஆனால் வருபவை பெரும்பாலும் அதே வரிசையில் வரும். 1928இல் புத்தகம் வந்தது. கைப்பிரதியில் ப்ராப் வைத்திருந்த தலைப்பு 'மாயக் கதையின் உருவவியல்'. சூனியக்காரியும் பேசும் குதிரையும் வருகிற அந்த ஒரு வகையை மட்டும்தான் அவர் ஆராய்ந்திருந்தார். புத்தகம் கவர்ச்சியாக இருக்கட்டும் என்று பதிப்பித்தவர் தலைப்பிலிருந்து 'மாய' என்ற சொல்லை எடுத்துவிட்டார். ஏதோ எல்லா நாட்டுப்புறக் கதைகளுக்குமான சட்டத்தை ப்ராப் எழுதிவிட்டார் என்பதுபோல ஆகிவிட்டது. லெவி-ஸ்ட்ராஸ் அவரை விமர்சித்து எழுதியபோது, 1966இல் வந்த பதிலில் ப்ராப் இதைச் சொல்லி வருத்தப்படுகிறார். முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் அந்த ஒரு சொல் அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

ப்ராப் கவனமாகப் போட்டு வைத்த வேலியை வேறொருவர் பிடுங்கினார். ஜோசப் காம்பெல்லோ வேலியே போடவில்லை.

காம்பெல் 1929இல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பியபோது பொருளாதாரம் படுத்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை. வுட்ஸ்டாக்கில் ஒரு குடிலில் இருந்துகொண்டு சுமார் ஐந்து வருடம் வாசிப்பதே வேலையாக இருந்தார். 1949இல் வந்த 'ஆயிரம் முகம் கொண்ட நாயகன்' அந்த வாசிப்பின் பலன். புத்தர், புரொமீதியஸ், சுமேரியாவின் இனான்னா என்று உலகத்துக் கதைகள் எல்லாவற்றையும் ஒரே கதையின் வடிவங்களாகப் பார்த்தார். அதற்கு அவர் வைத்த பெயரை ஜாய்ஸின் 'ஃபின்னகன்ஸ் வேக்'கிலிருந்து எடுத்துக்கொண்டார். தமிழில் ஒற்றைத் தொன்மம் எனலாம். பிரிவு, தீட்சை, திரும்புதல் என்ற அவருடைய மூன்று பகுதிகளும் வான் ஜெனெப்பின் சடங்குக் கட்டங்கள்தான். அவற்றுக்குள் 17 படிகள்.

அவர் எழுதியது கதை எழுதுவதற்கான கையேடு இல்லை. மனித மனம் எதைத் தேடுகிறது என்பதுதான் அவர் கேள்வி. ஒரு கதை இந்தப் படிகளில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். 17இல் ஒரு படியின் பெயரே 'திரும்ப மறுத்தல்'.

1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. அதை எழுதும்போது காம்பெல்லைப் படித்ததாக ஜார்ஜ் லூகாஸ் வெளிப்படையாகச் சொன்னார். ஹாலிவுட்டின் காது நிமிர்ந்தது. 1980களின் நடுவில் டிஸ்னியில் கதைகளை மதிப்பிடும் வேலையில் இருந்த கிறிஸ்டோபர் வோக்லர், காம்பெல்லின் தடிமனான புத்தகத்தை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். ஸ்டுடியோக்களில் அது கைமாறிக்கொண்டே போனது. பின்னர் 1992இல் விரிந்த புத்தகமாகவும் வந்தது. 17 படிகள் 12 ஆகின. 'திரும்ப மறுத்தல்' அந்தப் பன்னிரண்டில் இல்லை. இதைச் சூத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று வோக்லரே எச்சரித்திருக்கிறார். பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது எச்சரிக்கை இல்லை, வட்டம்தான்.

நூறு மாயக் கதைகளைப் பற்றிய கவனிப்பு ஒன்று, எல்லாத் தொன்மங்களையும் பற்றிய விளக்கம் ஒன்று, இனி எழுதப்போகும் கதைகளுக்கான நிபந்தனை ஒன்று. இந்த மூன்றும் வேறு வேறு. ஏற்கெனவே இருப்பதை விவரிப்பவர் தவறினால் அவருடைய பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம். நிபந்தனை தவறாக இருந்தால் அப்போது திருத்தப்படுவது கதை. என் அத்தைக்கு நடந்தது அதுதான்.

பெண்களைப் பற்றிய கேள்வியும் இதில் உண்டு. காம்பெல்லிடம் மாணவியாக இருந்த உளசிகிச்சையாளர் மவுரீன் மர்டாக் ஒருமுறை அவரிடமே கேட்டிருக்கிறார். பெண் பயணம் போகத் தேவையில்லை, எல்லோரும் போய்ச் சேர விரும்பும் இடமே அவள்தான் என்கிற மாதிரி பதில் வந்ததாக மர்டாக் எழுதுகிறார். திருப்தியில்லாமல் 1990இல் பெண்ணின் பயணத்துக்குத் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் வீட்டிலேயே இருக்கிற பெண்ணின் கதைக்கு அதுவும் இன்னொரு பயண வரைபடம்தானே என்று எனக்குத் தோன்றியது.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நாயகக் கதைகளில் ஒன்று கில்காமேஷ். நண்பன் என்கிடு செத்துப்போக, சாவைத் தாண்ட வழி தேடிப் புறப்படுகிறான். உலகத்தின் விளிம்புவரை போய், நீருக்கடியில் மூழ்கி, இளமை தரும் செடியைக் கொண்டுவருகிறான். வழியில் ஒரு குளத்தில் குளிக்க இறங்கும்போது பாம்பு அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. உட்கார்ந்து அழுகிறான். வெறுங்கையோடு ஊருக்கு வந்து, கூட வந்த படகோட்டியிடம் ஊருக் நகரத்தின் மதிலைப் பார்க்கச் சொல்கிறான். காம்பெல்லும் இந்தக் கதையைத் தன் புத்தகத்தில் சொல்கிறார். பட்டறையில் கொடுத்திருந்தால் பன்னிரண்டாவது புள்ளியில் சிவப்பு மையில் சுழித்திருப்பார்கள். 'அமுதம் எங்கே?'

அந்தப் பாம்பை எடுத்துவிட்டால் கில்காமேஷில் என்ன மிஞ்சும், சொல்லுங்க? சாகாமல் இருக்க முடியாது என்று ஒருவனுக்குப் புரிகிற நேரம் போய்விடும். நாலாயிரம் வருஷம் கழித்தும் அதைப் படிக்க நமக்கு வேறு காரணம் இருக்காது.

வட்டத்தை நான் தூக்கிப் போடவில்லை. எழுதி முடித்த கதையை ஓரமாக வைத்துப் பார்க்க இப்போதும் உதவுகிறது. ஒரு புள்ளி பொருந்தவில்லை என்றால் முன்பெல்லாம் பதறுவேன். இப்போது அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, ஏன் பொருந்தவில்லை என்று பார்க்கிறேன்.

போன மாசம் அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். அத்தையை பஸ்ஸிலிருந்து இறக்கி வாசற்படியில் மறுபடி உட்கார வைத்திருக்கிறேன். மகன் இன்னும் வரவில்லை.