மூளைக் கட்டியிலிருந்து மீண்ட குழந்தைகளும் மெத்தில்ஃபெனிடேட்டும்: கவனத்திற்கும் கல்விக்கும் இடையே

குழந்தைகளின் சிறுமூளைப் பகுதியில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டி மூளைத் தண்டுவட நீரின் வழியே பரவும் இயல்புடையது. ஆகையால் அறுவைக்குப் பின் கட்டி இருந்த இடத்திற்கு மட்டுமன்றி, மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. முன்பு 36 கிரே என்றிருந்த இம்முழுப்பரப்புக் கதிர்வீச்சின் அளவு (கிரே என்பது திசு உள்வாங்கும் கதிராற்றலை அளக்கும் அலகு), கட்டி பரவாத, அறுவையில் பெரும்பாலும் அகற்றப்பட்ட குழந்தைகளுக்குக் கீமோதெரபியின் துணையோடு 23.4 கிரேயாகக் குறைக்கப்பட்டது. இப்பிரிவினரில் ஐவரில் நால்வர் அளவுக்கு இன்று ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். எனினும் அவர்களுள் பலர் பள்ளிக்குத் திரும்பியபின், ஆசிரியர் சொல்வதைத் தொடர்ந்து கேட்கவும் எடுத்த வேலையை முடிக்கவும் இயலாமல் தடுமாறுகின்றனர். இத்தடுமாற்றத்திற்கு மெத்தில்ஃபெனிடேட் என்னும் ஊக்க மருந்தைத் தருவது பற்றிய விவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மருந்து கவனத்தைக் கூட்டுகிறதா என்பது ஒன்று. கூடிய கவனம் கல்வியாக மாறுகிறதா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வதே இத்துறையின் முதன்மையான பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாதிப்பின் தன்மையை முதலில் தெளிவுபடுத்துவது தேவை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையைச் சேர்ந்த பால்மர், முல்ஹர்ன் முதலியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மெடுல்லோபிளாஸ்டோமாவிலிருந்து மீண்ட குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு ஆண்டுக்குச் சராசரியாக 2.55 புள்ளிகள் வீதம் சரிவதாகக் கண்டனர். இச்சரிவு கற்றதை மறப்பதால் நேர்வதன்று. குழந்தை புதியவற்றைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் சம வயதினரின் வேகத்தில் கற்க முடியாமையால் இடைவெளி ஆண்டுதோறும் அகல்கிறது. இதன் அடியில் மூளையின் வெண்பொருள் குறைபாடு இருப்பதாகக் கருதப்படுகிறது. வெண்பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நரம்பிழைகளின் தொகுதி. அவ்விழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையை உருவாக்கும் உயிரணுக்களின் முன்னோடிகளைக் கதிர்வீச்சு அழிப்பதால், செய்தி கடக்கும் வேகம் தாழ்கிறது. வெண்பொருளின் அளவு கவனத்தையும், கவனம் நுண்ணறிவையும் பள்ளித் தேர்ச்சியையும் தீர்மானிக்கின்றன என்னும் சங்கிலியை ரெடிக், முல்ஹர்ன் குழுவினர் முன்வைத்தனர். அச்சங்கிலியின் நடுக்கண்ணி கவனம் என்பதால், அதை மருந்தால் வலுப்படுத்தினால் அடுத்த கண்ணியும் வலுப்பெறும் என்னும் நம்பிக்கை இயல்பாகவே பிறந்தது.

இக்குழந்தைகளின் நிலை, பிறவியிலேயே வளர்ச்சி சார்ந்து தோன்றும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறான ஏடிஹெச்டியோடு ஓரளவே ஒத்தது. ஓடியாடி வகுப்பைக் குலைக்கும் துடிப்பு இவர்களிடம் பெரும்பாலும் இராது. மெதுவாக எழுதுவதும், கேள்வி முடிந்து நேரமான பின்னரே விடையைத் தொடங்குவதும், பாதி வேலையில் எங்கோ பார்த்தபடி நின்றுவிடுவதுமே காணப்படும். யாருக்கும் தொல்லை தராத இப்பிள்ளைகள் ஆசிரியரின் கண்ணில் படாமலே பின்தங்குகின்றனர் என்பது வேதனைக்குரியது. ஏடிஹெச்டிக்கான அளவுகோல்களை முழுமையாக நிறைவு செய்தால்தான் உதவி என்று கூறும் எந்த நடைமுறையும் இவர்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிடும்.

ஊக்க மருந்தின் வரலாறும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. 1937இல் சார்லஸ் பிராட்லி, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் எம்மா பென்டில்டன் பிராட்லி இல்லத்தில் 30 குழந்தைகளுக்குப் பென்சிட்ரின் என்னும் ஆம்ஃபிட்டமின் மருந்தைத் தந்தபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் பள்ளிப் படிப்பு வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டதாகப் பதிவு செய்தார். அந்த இல்லமே மூளையழற்சியால் ஊனமுற்ற ஒரு சிறுமியின் பெயரில் அவளுடைய பெற்றோர் நிறுவியதாகும். குழந்தைகளுக்கு ஊக்க மருந்து தரும் வழக்கம் காயமுற்ற மூளையின் அருகிலேயே தொடங்கியது என்பதால், அதை ஏடிஹெச்டிக்கு மட்டும் உரியதாகக் கருதவேண்டியதில்லை. மெத்தில்ஃபெனிடேட்டை 1944இல் பாசல் நகரின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிட்சோன் தயாரித்தார். நரம்பணுக்களுக்கிடையே வெளியான டோபமினும் நார்அட்ரினலினும் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, நெற்றிப்புற மூளையில் அவற்றின் செயலை நீட்டிப்பதே இதன் வேலை. சாதாரண மாத்திரையின் விளைவு ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். அழிந்த வெண்பொருளை அது மீட்பதில்லை.

செயின்ட் ஜூட் குழுவின் சோதனைகளே இத்துறையின் முதன்மைச் சான்று. 2001இல் தாம்சன், முல்ஹர்ன் முதலியோர் புற்றுநோயிலிருந்து மீண்ட, கற்றல் இடர்ப்பாடுடைய 32 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் வீதம் ஒரே வேளை மருந்தும், மற்றதற்கு மருந்துப்போலியும் (மருந்துபோலவே தோன்றும், வினையற்ற மாத்திரை) கொடுத்தனர். திரையில் தோன்றும் எழுத்துகளுக்கு விடாமல் எதிர்வினை காட்டும் தொடர் கவனத் தேர்வில் மருந்துப் பிரிவு முன்னேறியது. ஒலியையும் உருவையும் இணைத்துக் கற்கும் பணியில் முன்னேறவில்லை. பின்னர் வரவிருந்த சிக்கலின் சாயல் இச்சிறு சோதனையிலேயே தெரிகிறது. 2004இல் வெளியான அடுத்த சோதனையில் லுகேமியா என்னும் இரத்தப் புற்றிலிருந்தும் மூளைக் கட்டியிலிருந்தும் மீண்ட 83 பேர், வாரம் ஒன்றாக மருந்துப்போலி, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் ஆகிய மூன்றையும் வீட்டிலிருந்தே உட்கொண்டனர். எந்த வாரம் எது என்பது குழந்தைக்கோ மதிப்பிடுவோருக்கோ தெரியாது. பெற்றோரும் ஆசிரியர்களும் மருந்து வாரங்களில் முன்னேற்றத்தைக் கண்டனர். கூடுதல் அளவு குறைந்த அளவைவிடச் சீரான மேன்மை எதையும் காட்டவில்லை.

அதே குழுவைச் சேர்ந்த காங்க்ளின் தலைமையில் 2010இல் வெளியான ஓராண்டு ஆய்வே விவாதத்தின் மையத்திற்கு உரியது. மருந்து பெற்ற 68 பேரும் பெறாத 54 பேரும் ஒப்பிடப்பட்டனர். மருந்து பெற்றோர் கவனத் தேர்விலும், பெற்றோர், ஆசிரியர், குழந்தை ஆகிய மூவரின் மதிப்பீட்டிலும் முன்னேறினர். ஆனால் படிப்புத் திறனை அளந்த தேர்வுகளில் மருந்தால் கிடைத்த முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. இம்முடிவை வாசிக்கையில் ஆய்வின் அமைப்பையும் கருத வேண்டும். ஓராண்டு மருந்துண்டோர் முந்தைய சோதனையைக் கடந்துவந்தவர்கள். ஒப்பீட்டுப் பிரிவினர் மருந்துப்போலி பெறவில்லை. யார் மருந்து உண்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். மருந்துக்குச் சாதகமான எதிர்பார்ப்பு மதிப்பீடுகளில் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. அத்தனை சாதகத்திற்குப் பின்னும் படிப்புத் தேர்வுகள் அசையவில்லை என்பதே இம்முடிவுக்கு எடை சேர்க்கிறது. ஓராண்டு போதாது என்னும் மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதைக்காட்டிலும் பொருத்தமான விளக்கம் வேறொன்று. நான்காம் வகுப்பில் தவறவிட்ட பின்னங்களை ஏழாம் வகுப்பில் கூர்ந்து கவனிப்பதால் மட்டும் ஒரு குழந்தை கற்றுவிடாது. யாரேனும் அவற்றை மீண்டும் கற்பித்தாக வேண்டும்.

யாருக்கு மருந்து உதவுகிறது என்னும் கேள்வியிலும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. இக்குழந்தைகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரே மருந்துக்கு இணங்கியவர்களாக வகைப்படுத்தப்பட்டனர். ஏடிஹெச்டியில் இது ஏறத்தாழ 75 விழுக்காடு. 2007இல் வெளியான ஆய்வின்படி, சிகிச்சையின்போது வயது கூடியவர்களும் நுண்ணறிவு ஈவு மிகுந்தவர்களும் ஆண் குழந்தைகளும் கூடுதல் பயன் அடைந்தனர். பக்கவிளைவுகளை ஆராய்ந்த 2009ஆம் ஆண்டு ஆய்வோ, கூடுதல் அளவு தரப்பட்டபோது பெண் குழந்தைகளும் ஈவு குறைந்தவர்களும் மிகுதியாகத் துன்புற்றதைக் காட்டியது. மிக இளம் வயதில் கதிர்வீச்சுப் பெற்று ஆழமாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு மருந்தின் நன்மை குறைவாகவும் தொல்லை மிகுதியாகவும் அமையக்கூடும். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, மருந்துப்போலி வாரங்களோடு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே சோதித்து, பயனில்லையெனில் நிறுத்துவதே நேர்மையான முறை. பசியின்மை, உறக்கக் கேடு, இதயத் துடிப்பு உயர்தல் ஆகியவற்றோடு வளர்ச்சியையும் கண்காணிக்க வேண்டும். ஏனெனில் கதிர்வீச்சால் வளர்ச்சி ஹார்மோன் குறைந்து, முதுகெலும்பும் குறுகிய குழந்தைக்கு எடை இழப்பு என்பது சிறு செய்தியன்று. சிஸ்பிளாட்டின் என்னும் கீமோதெரபி மருந்தால் செவித்திறன் குறைந்த குழந்தையும், தைராய்டு சுரப்பு தாழ்ந்த குழந்தையும் வகுப்பில் கவனமற்றவராகவே தோன்றுவர் என்பதால், ஊக்க மருந்தை எழுதுமுன் செவிப் பரிசோதனையும் ஹார்மோன் பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும்.

கதிர்வீச்சை மேலும் குறைத்தால் இச்சிக்கலே எழாதே என்னும் எண்ணத்திற்கு 2021இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கக் கூட்டாய்வு வரம்பு வகுத்துவிட்டது: 3 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 23.4 கிரேக்குப் பதில் 18 கிரே தந்தபோது, நோய் மீளாமல் ஐந்தாண்டைக் கடந்தோர் ஏறத்தாழ 83 விழுக்காட்டிலிருந்து 71 விழுக்காடாகக் குறைந்தனர். எனவே கவனக் குறைவோடு வாழ்பவர்கள் இனியும் இருப்பார்கள். அவர்களுக்காக அடுத்து நடத்தப்பட வேண்டிய சோதனை, மருந்தைத் தனியாகவும், விடுபட்ட பாடங்களை மீட்டுத் தரும் தனிக் கற்பித்தலைத் தனியாகவும், மாத்திரை செயல்படும் நான்கு மணி நேரத்திற்குள்ளேயே அக்கற்பித்தல் நிகழுமாறு இரண்டையும் சேர்த்தும் ஒப்பிடுவதாக அமைய வேண்டும். அதன் முதன்மை அளவீடு, வாசிப்பிலும் கணக்கிலும் குழந்தை ஓராண்டில் எவ்வளவு முன்னேறியது என்பதாகவே இருக்க வேண்டும்.