தரிசாக் கிடக்கும் பேர்கள்

டொமைன் பேரைப் பத்தி ஒரு விவசாயிக்கு என்ன பேச்சுன்னு கேப்பீங்க. இருக்குங்க. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவுல நிலம் வச்சிருக்கிறவனுக்குப் புறம்போக்கு, பட்டா, குத்தகை, தரிசு எல்லாம் தினமும் புழங்குற சொல்லு. இந்த நாலும் தெரிஞ்சா டொமைன் வரலாறு பாதி புரிஞ்ச மாதிரிதான்.

முதல்ல அது புறம்போக்கு மாதிரி இருந்தது. எண்களா இருந்த கம்ப்யூட்டர் முகவரிக்குப் பேர் வைக்கிற முறையை 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைச்சார். முதல் டாட்காம் பேர் 1985 மார்ச்சில் பதிவாச்சு. பத்து வருஷம் வரைக்கும் யார் கேட்டாலும் காசில்லாம கிடைச்சுது. 1995 செப்டம்பரில்தான் கட்டணம் வந்தது, ரெண்டு வருஷத்துக்கு 100 டாலர்.

காசு வந்ததும் வாங்கிப் போடுற ஆளுங்களும் வந்தாங்க. அடுத்தவன் கடைப் பேரைத் தன் பேரில் பதிஞ்சு வச்சுக்கிட்டு, அவன்கிட்டயே அதிக விலை கேக்கிறது. இந்தத் தகராறைத் தீர்க்க 1999-ல் உலக அளவில் ஒரு விதிமுறை வந்தது. நம்ம உச்ச நீதிமன்றமும் 2004-ல், சத்யம் இன்ஃபோவே வழக்கில், வணிகப் பேருக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பேருக்கும் உண்டுன்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம், 2005-ல், டாட்இன் பேர்கள் பொதுமக்களுக்குத் தாராளமாத் திறந்துவிடப்பட்டது.

எங்க பக்கம் இது புதுக்கதை இல்ல. 1960-கள்ல அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வயலும் ஏரியுமா இருந்த இடத்துல பட்டறையும் ஃபேக்டரியும் எழுந்துச்சு. அதைக் குறை சொல்ல மாட்டேன், அதுல ஆயிரக்கணக்கான குடும்பம் சாப்பிட்டுது. பின்னால வந்ததுதான் வேற. கல்லு நட்டு, கலர்க் கொடி கட்டி வித்த மனைகள். வீடும் கட்டல, பயிரும் வைக்கல, சீமைக் கருவேலம் மட்டும் நிக்குது. இணையத்துலயும் இப்படி எத்தனையோ பேர் 'விற்பனைக்கு'ங்கிற பலகையோட கிடக்குது.

ஒரு வித்தியாசம் உண்டு. நிலத்துக்குப் பட்டா கிடைக்கும், டொமைனுக்குக் கிடைக்காது. அது என்னைக்கும் குத்தகைதான். ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருஷம். பணம் கட்ட மறந்தா, கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்துட்டு ஏலத்துக்கோ அடுத்தவன் கைக்கோ போயிடும்.

இதுல தமிழுக்குன்னே ஒதுக்கின நிலமும் இருக்கு. ஆங்கிலம் இல்லாத எழுத்துலயும் முகவரி வேணும்னு 1998-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழு சோதனை செஞ்சப்பவே தமிழும் அதுல இருந்தது. பிறகு 2010-ல் '.இலங்கை', 2011-ல் '.சிங்கப்பூர்', '.இந்தியா'ன்னு மூணு நாட்டுக்கான முகவரி தமிழ் எழுத்துல கிடைச்சுது.

எங்க ஊர்களுக்கு இது அவசியம். பூவிருந்தவல்லி பேச்சுல பூந்தமல்லி ஆச்சு, ஆங்கிலத்துல பூனமல்லீ ஆச்சு. திருநின்றவூர் தின்னனூர் ஆச்சு. திருமழிசையில் வர்ற 'ழ'வை ஆங்கிலத்துல ஆளுக்கொரு மாதிரி எழுதுறாங்க. ஆங்கில முகவரி வச்சா எந்த எழுத்துல தேடுறதுன்னே குழப்பம். தமிழ்ல எழுதினா திருமழிசை திருமழிசைதான்.

ஆனா இந்த நிலமும் பெரும்பாலும் தரிசுதான். காரணம் உண்டு. தமிழ்ப் பேரைக் கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்துக் கோவையா மாத்தித்தான் வச்சுக்குது. சில இடத்துல அந்தக் கோவையே வெளியில் தெரிஞ்சு மிரட்டும். தமிழ் மின்னஞ்சல் முகவரியை ஏத்துக்காத படிவங்களும் நிறைய.

பயிர் வச்சா என்ன ஆகும்னு துவாலுவைக் கேளுங்க. பசிபிக் கடல்ல சுமார் 26 சதுர கிலோமீட்டர் நாடு. அதுக்குக் கிடைச்ச 'டாட் டிவி' அங்க பெருசாப் பயன்படல. தொலைக்காட்சிக்காரங்களுக்கு அது பொருத்தம்னு தெரிஞ்சு குத்தகைக்கு விட்டாங்க. வந்த பணம் கைகொடுக்க, 2000 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் 189-வது உறுப்பினரா உக்காந்தாங்க.

எங்களுக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லீங்க. ஊர்ப் பேரைத் தேடுனா மனை விளம்பரம் மட்டும் வரக்கூடாது. ஏரியில் எத்தனை அடி தண்ணி, எந்த நெல்லு எப்போ அறுவடை, கீரையும் மல்லியும் யார்கிட்ட கிடைக்கும், இது வந்தாப் போதும். நிலம் வித்துப்போன ஊர்ல பேராவது ஊர்க்காரன் கையில் இருக்கணும்.

இதைப் படிக்கிற உங்கள்ல பலபேர் அதே அம்பத்தூர் எஸ்டேட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பீங்க. எப்பவோ ஒரு யோசனையில் வாங்கிப் போட்ட பேர் ஒண்ணு ரெண்டு உங்ககிட்ட இருக்கும். வருஷா வருஷம் பணமும் கட்டுவீங்க. ஒரு டொமைனை வரப்பு போட்ட மாதிரி எத்தனை உட்பிரிவா வேணாலும் பிரிக்கலாம், அதுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பக்கத்து ஏரிப் பாசனக்காரங்களுக்கோ, மகளிர் குழுவுக்கோ, அரசுப் பள்ளிக்கோ ஒரு பாத்தி விடுங்க. வேண்டாத பேரா இருந்தா முழுசாவே மாத்திக் கொடுங்க. அடுத்த முறை புதுப்பிக்கச் சொல்லி மெயில் வரும்போது, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் யோசிங்க.